சீடரும் சாதியும்: திருகோணமலைக் கரையில் ஒரு கட்டளையின் வரலாறு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், உப்புவெளிக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் அணித்தாக அமைந்துள்ள ஊர் சாம்பல்தீவு. மீன்பிடியையும் வேளாண்மையையும் நம்பி வாழும் தமிழ் மக்களின் ஊர். கோயிலையும் அதன் திருவிழாவையும் கொண்டு ஆண்டின் நாட்களை எண்ணிவரும் ஊர். இங்கிருந்து தெற்கே சிறிது தொலைவுக்குள்ளேயே, கிறிஸ்தவம் இந்நாட்டுத் தமிழரை அணுகிய வழிகள் பலவற்றின் தடயங்களையும் ஒருவர் கண்டுவிடலாம். கோணேசர் மலையடியிலே, கோயிற் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் வழிவந்த கோட்டை நிற்கிறது. பட்டினத்துக்குள்ளே கத்தோலிக்கரின் பேராலயமும், மெதடிஸ்த திருச்சபையின் பெண்கள் கல்லூரியும், இயேசு சபையாரின் பணியோடு பெயர் பிணைந்த புனித சூசையப்பர் கல்லூரியும் உள்ளன. அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த இந்துக் கல்லூரியும் அங்கேயே உள்ளது. 2004 டிசெம்பர் 26இல் கடல்கோள் இக்கரையைத் தாக்கிய பின்னர், நிவாரணப் பொருளோடு வந்த சமயக் குழுக்களைப் பற்றிய விவாதமும் இக்கரையெங்கும் கேட்டது.

இவையனைத்துக்கும் பின்னால் ஒரே கட்டளை உள்ளது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில், உயிர்த்தெழுந்த யேசு பதினொரு சீடருக்குக் கலிலேயா மலையொன்றில் இட்டதாக உள்ள அப்பணி, போய் எல்லா மக்களையும் சீடராக்குமாறு கூறுவது. அக்கட்டளை மெய்யானதா, கிறிஸ்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர்களா என்னும் வினாக்கள் இறையியலார்க்கு உரியன. நாம் இங்கு ஆராய முற்படுவது வேறு. அக்கட்டளை தமிழில் வந்து சேர்ந்தபோது அதன் இரு சொற்கள், ‘சீடர்’ என்பதும் ‘சாதி’ என்பதும், தமிழ்ச் சமூகத்தில் ஏற்கெனவே பொருள் நிரம்பிய சொற்களாக இருந்தன. மிஷனரிமார் கொணர்ந்த பொருளைவிட, அச்சொற்களில் முன்னரே குடியிருந்த பொருள்களே இக்கட்டளையின் தமிழ் வரலாற்றைப் பெரிதும் நிருணயித்தன என்பது எமது கருத்து.

முதலில் வாக்கியத்தின் அமைப்பை நோக்குவோம். மூலமாகிய கிரேக்கத்தில் அவ்வாக்கியத்தின் முற்றுவினை ஒன்றே: சீடராக்குதல். போதல், திருமுழுக்குக் கொடுத்தல், கற்பித்தல் ஆகிய ஏனைய மூன்றும் எச்ச வடிவில் அம்முற்றினைச் சார்ந்து நிற்பன. அஃதாவது, கட்டளை ஒன்று. மற்றவை அதனை நிறைவேற்றும் முறைகள். தமிழ் வாக்கியமோ முற்றினை இறுதியிலே வைப்பது. 1871ஆம் ஆண்டு நிறைவெய்திய, ஹென்றி போவர் தலைமையிலான மொழிபெயர்ப்பு இன்றும் சீர்திருத்தச் சபைகளிற் பெரிதும் வழங்குவது. அதில் நிகழ்ந்துள்ள மாற்றம் மனங்கொள்ளத்தக்கது. அங்கே வாக்கியத்தின் இறுதியில் ஏவல் முற்றாக நிற்பது உபதேசித்தல். சீடராக்குதல் ‘சீஷராக்கி’ என வினையெச்சமாகி நடுவிலே நிற்கின்றது. மூலத்தில் தலைமை பெற்ற வினை துணையாகவும், துணையாக இருந்த வினை தலைமையாகவும் இடம் மாறின. இதனை மொழிபெயர்ப்பாளரின் தவறு எனக் கொள்ளுதல் பொருந்தாது; தமிழ்த் தொடரியல் காட்டிய இயல்பான வழியிலேயே அவர்கள் சென்றனர். கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, எச்சங்களை விடுத்து வினைகளைத் தனித்தனி ஏவல்களாகப் பிரித்துச் சீடராக்குதலுக்கு முற்றுநிலையை மீட்டுக் கொடுத்தது. எனினும், ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவரின் செவியில் இறுதியாக ஒலித்து நின்ற ஏவல் ‘உபதேசம்’ பற்றியதே. பள்ளிக்கூடமும் பிரசங்கமும் தமிழ்க் கிறிஸ்தவத்தில் பெற்ற முதன்மைக்கு இதுவே காரணம் என்று கூறினால் அது மிகையாகிவிடும். ஆயினும் அம்முதன்மையும் இவ்வாக்கியமும் ஒன்றுக்கொன்று நன்கு இசைந்து சென்றன என்பதில் ஐயமில்லை.

இனி, சீடன் என்னும் சொல். தமிழில் மாணாக்கன் வேறு, சீடன் வேறு. நன்னூலார் மாணாக்கரை அன்னத்துக்கும் ஆவுக்கும் இல்லிக்குடத்துக்கும் ஒப்பிட்டு வகுப்பது, நூல் கேட்போர் பற்றியது. கேட்டபின் அவர் யாராயும் இருக்கலாம். சீடனோ குருவுக்கு ஆட்பட்டவன், தீட்சை பெற்றவன், வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டவன். சைவ மரபில் குரு ஆள்தேடிப் புறப்படுவதில்லை. உயிர் பக்குவம் எய்தியவிடத்துக் குரு தோன்றுவார் என்பதே அம்மரபின் கொள்கை. யூத மரபிலும் பொதுவாக மாணவனே ஆசானைத் தேடிச் சென்றான். நற்செய்தி நூல்களில் யேசு தாமே வலைஞரிடம் சென்று அழைப்பது அம்மரபுக்கும் புறம்பான செயலே. எனவே தெருவில் நின்று, கேளாதவரையும் கூவியழைத்துச் சீடராகுமாறு வேண்டும் மிஷனரியின் செயல் சைவருக்கு முதலில் வியப்பையும் பின்னர் எரிச்சலையும் ஊட்டியதற்கு, கொள்கை வேறுபாடு மட்டுமன்றி இச்சொல்லின் மரபும் காரணமாயிற்று. சந்தையிலே கூவி விற்கப்படுவதாகத் தோன்றும் ஞானத்தை மதிப்பது அம்மரபில் வந்தவர்க்கு எளிதன்று.

ஆயினும் திருகோணமலைக் கரைக்கு இக்கட்டளை முதலில் வந்தது கூவியழைப்பாக அன்று, பீரங்கியோடு வந்தது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து அம்மலையிலே கோட்டை அமைத்தான். இவ்வரலாறு நன்கு அறியப்பட்டதாகலின் விரிக்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சுட்டுவோம். அக்கட்டளையைப் பற்றி இக்கரை மக்களின் கூட்டு நினைவில் முதலிற் பதிந்த காட்சி அதுவே. பின்வந்த எந்த மிஷனரியும், எத்துணை நல்லவராயினும், அந்நினைவைக் கடந்தே பேசவேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் கோயில்களை இடிப்பதைவிடப் பதிவேடுகளை எழுதுவதில் வல்லவர். இதனை யாழ்ப்பாணத்திலே தெளிவாகக் காணலாம். அவர்களது ஆட்சியில் திருமுழுக்கும் திருமணப் பதிவும் சொத்துரிமையும் அரசாங்க உத்தியோகமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. பாடசாலைத் தோம்பில் பெயர் இல்லாதவனுக்குச் சமூகத்திலே சட்டப்படியான இடம் இல்லாமற் போயிற்று. பல்தேயுஸ் பாதிரியார் காலத்தில், 1663இல், யாழ்ப்பாணத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர் இருந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. ஒல்லாந்த ஆட்சி நீங்கிப் பத்தாண்டு கழிந்து, 1806இல் அங்கு வந்த குளோடியஸ் புக்கானன் கண்டது பாழடைந்துவரும் ஆலயங்களை. ஏட்டிலே இருந்த சீடர்கள் ஏடு மூடப்பட்டதும் தம் பழைய கோயில்களுக்குத் திரும்பிவிட்டனர். அன்றி, அவற்றைவிட்டு அவர்கள் என்றுமே நீங்கியதில்லை எனலும் ஆம்.

இதே காலப்பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு பரிசோதனையும் இத்தீவில் நடந்தது. கத்தோலிக்க வழிபாடு ஒல்லாந்தரால் தடைசெய்யப்பட்டிருக்கையில், 1687இல் கோவையிலிருந்து யோசப் வாஸ் என்னும் குருவானவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் தோன்றிய அவர் இரந்துண்டு, இரவிலே வீடு வீடாகச் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் திரட்டினார். 1711இல் கண்டியிலே இறக்கும்வரை அவருக்குப் பின்னால் எந்தப் படையும் இருக்கவில்லை. கோவையிலிருந்து அவரைத் தொடர்ந்து வந்த குருமாருள் ஒருவரான யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். ஒல்லாந்தரின் ஏட்டுக் கிறிஸ்தவம் கரைந்தொழிய, அரசின் எதிர்ப்பிலே வளர்ந்த வாஸ் அடிகளாரின் மந்தை நிலைத்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் கிறிஸ்தவர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. அவருள் ஐந்தில் நால்வர் கத்தோலிக்கர். இவ்விகிதத்துக்குப் பல காரணங்கள் உண்டெனினும், பதினேழாம் நூற்றாண்டின் இவ்விரு முறைகளையும் ஒப்பிடாமல் அதனை விளக்க முடியாது. தமிழ் மக்கள் வாஸ் அடிகளாரிடம் கண்டது தமக்குப் பழக்கமான ஓர் உருவத்தை: இரந்துண்ணும் துறவியை. சீடன் என்னும் சொல் அங்கே தன் பொருளோடு பொருந்தி நின்றது. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். இக்கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலம் நிலவியது. 1792இல் வில்லியம் கேரி தமது சிறுநூலில் அதனை மறுத்து, அது எக்காலத்துக் கிறிஸ்தவரையும் கட்டுவதென வாதிட்டார். அவ்வாதத்தின் அலை இருபத்திரண்டு ஆண்டுகளில் இலங்கையை அடைந்தது. 1814 ஜூன் இறுதியில் வெஸ்லியன் மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் வழியில் கடலிலேயே இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குச் சென்றார், பாடசாலைகளைத் தொடங்கினார், ஓராண்டு நிறையுமுன் அங்கேயே மாண்டார். விரைவிலேயே திருகோணமலையும் அவர்களது நிலையங்களுள் ஒன்றாயிற்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருகோணமலை மறைமாவட்டம் பிரெஞ்சு இயேசு சபையாரிடமும், இரண்டாம் உலகப் போரை அடுத்து அமெரிக்க இயேசு சபையாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. இவர்கள் அனைவரும் சபை வேறுபாடின்றிக் கைக்கொண்ட கருவி பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் சீடரை ஆக்கியதா? இவ்வினாவுக்கு மிஷனரிமாரே அளித்த விடை வட்டுக்கோட்டையில் உள்ளது. வானியல், கணிதம், மெய்யியல், தமிழ், வடமொழி என விரிந்த அதன் பாடத்திட்டம் அக்காலத்து ஆசியாவிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் 1855இல், அமெரிக்கத் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி இளைஞரை உத்தியோகத்துக்கே அனுப்புகிறது, கிராமத்துச் சபைகளுக்குத் தாய்மொழியில் உபதேசிப்போரைத் தருவதில்லை என்பது அன்டர்சனின் முடிவு. தம்மைத் தாமே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வல்ல சுதேச சபைகளே மிஷன்களின் குறிக்கோளாதல் வேண்டும் என்றார் அவர். இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஓர் இடரும் உண்டு. சுதேச சபைக்குச் சுயாட்சி கோரிய அதே கை, சுதேசிகள் விரும்பிய உயர்கல்வியைப் பறித்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் அதனை ஏற்கவில்லை. 1872இல் அவர்களது முயற்சியினால் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆணையிட்டவரின் கணிப்பைவிடச் சீடரின் விருப்பமே ஈற்றில் வென்றது எனலாம்.

செமினரியிற் பயின்றவர்களுள் தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, பின்னர் சைவராய் நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுகநாவலர், அப்பணியில் அறிந்துகொண்ட பிரசங்கம், அச்சகம், வினாவிடை, பாடசாலை ஆகிய கருவிகள் யாவற்றையும் சைவத்தின் பக்கம் திருப்பினார். இவை பலகாலும் பேசப்பட்டவை. கிழக்கிலே நிகழ்ந்தது அத்துணை பேசப்படவில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். மிஷனரிக் கல்லூரிகளிலே ஆசிரியராகவும் இருந்தார். 1924இல் அவர் ஒரு குருவுக்குச் சீடரானார். ஆனால் அக்குரு இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்தவர். சுவாமி விபுலாநந்தராகக் கிழக்குக்கு மீண்டு, 1897இல் தொடங்கப்பெற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வளர்த்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார். மிஷன் என்னும் சொல்லையே இராமகிருஷ்ணர் வழிவந்தோர் தமதாக்கிக்கொண்டமை கவனிக்கத்தக்கது. பெண்களுக்கெனத் திருகோணமலையில் 1923இல் எழுந்த சண்முக வித்தியாலயமும் இவ்வெதிர்வினையின் பகுதியே.

எனவே பள்ளிக்கூடம் சீடரை ஆக்குவதிலே தோற்று, மாணாக்கரை ஆக்குவதிலே வென்றது. கிறிஸ்தவ நோக்கில் இது தோல்வியா என்பதற்கு நாம் விடை கூற வேண்டியதில்லை. தமிழ்ப் பண்பாட்டு நோக்கில் இதன் பயன் பெரிது. இப்பயனிற் கத்தோலிக்கரின் வாசிப்புப் பழக்கத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ்ப் புனைகதைகளுள் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891இல் வெளியிட்ட இன்னாசித்தம்பி திருகோணமலையைச் சேர்ந்தவர். ஐரோப்பிய வீரக்கதையொன்று துறைமுகப் பட்டினத்துக் கத்தோலிக்கர் வழியாகத் தமிழ் உரைநடைக்குள் வந்தது. நான்காண்டு கழித்து ‘மோகனாங்கி’யை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் இவ்வூரவரே, அவர் சைவர். மாற்றுச் சமயத்தவர் இருவரின் கதைகள் ஒரே பட்டினத்திலிருந்து இத்துணை அணித்தான காலத்தில் வெளிவந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

உண்மையிலே சீடரை ஆக்கியவர் யார் எனின், அவர் உபதேசியார். மிஷனரியின் அறிக்கையில் மிஷனரியின் பெயர் இருக்கும். உபதேசியாரின் பெயர் சிலவேளை இருக்கும், பலவேளை இராது. அவர் ஊருக்கு ஊர் நடந்து சென்றவர். கிராமத்தின் பேச்சைப் பேசியவர். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்துபோக, ஏனைய நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர், இறந்தோரை அடக்கியவர், பிணக்குகளைத் தீர்த்தவர். சீர்திருத்தச் சபைகளில் வேதாகமப் பெண்கள் என வழங்கப்பட்டோரின் பெயர்கள் இன்னும் அரியன. ஆண் மிஷனரி நுழைய முடியாத வீட்டின் உட்புறத்தில், எழுத்தறிவையும் வேதக் கதையையும் ஒருங்கே கொண்டுசென்ற இப்பெண்களைப் பற்றி நம் சமூக வரலாறு எழுதியது மிகக் குறைவு. இவர்களுக்குக் கிடைத்த சம்பளமோ வெள்ளையரது சம்பளத்தின் சிறு பகுதி. உழைப்பின் வரலாறு எழுதுவோர் இவர்களையும் உழைப்பாளராகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது சொல்லாகிய சாதிக்கு இப்போது வருவோம். சீடராக்கப்படவேண்டியோர் யாவர் என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இனங்களை, மக்கட் கூட்டங்களை, யூதரல்லாப் பிறரைக் குறிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு அதனை ‘ஜாதிகள்’ என்றது. அக்காலத் தமிழில் தேசத்தாரைச் சாதி என்றல் வழக்கே. ஆங்கிலச் சாதி, பிரெஞ்சுச் சாதி என எழுதினர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அச்சொல்லைக் கேட்ட மீனவனுக்கும் வேளாளனுக்கும் பறையனுக்கும் அது எவ்வாறு ஒலித்திருக்கும்? எல்லாச் சாதிகளும் ஒரு குருவுக்குச் சீடராதல் வேண்டும் என்றே ஒலித்திருத்தல் கூடும். சீடர் என்போர் ஒரு பந்தியில் அமர்ந்து உண்போர். அதுவே யேசு தம் சீடரோடு செய்த இறுதிச் செயல்களுள் ஒன்று. இவ்விரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்றமையால், மொழிபெயர்ப்பாளர் எண்ணியிராத ஒரு புரட்சி அவ்வாக்கியத்துக்குள் புகுந்துகொண்டது.

அப்புரட்சி நடந்ததா? பெரும்பாலும் நடக்கவில்லை. தஞ்சாவூரில் தலைசிறந்த கிறிஸ்தவப் புலவரான வேதநாயகம் சாஸ்திரியாரே 1820களில் புதிய மிஷனரிமாரை எதிர்த்துச் சாதி ஆசாரத்துக்காக வாதிட்டார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை முற்றாக ஒழிக்கப்படவேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பெருந்தொகையினர் ஆலயத்தையே விட்டு வெளியேறினர். வட்டுக்கோட்டையிலும் மேற்சாதி மாணவர் இசையும் வகையிலேயே சமையலையும் பந்தியையும் அமைக்கவேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனமும் சமபோசனமும் வற்புறுத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிலே சைவரோடு கிறிஸ்தவரும் நின்றனர். அவற்றுக்காகப் போராடிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசிலும் இரு சமயத்தாரும் நின்றனர். சாதி, சமய எல்லையை மதிக்கவில்லை. நீதியுணர்வும் அவ்வெல்லையை மதிக்கவில்லை என்பது ஆறுதல்.

இதிலே இன்னுமொரு திருப்பம் உண்டு. மத்திய இந்தியாவில் மிஷனரிக் குடும்பத்திற் பிறந்து அங்கேயே நெடுங்காலம் பணிபுரிந்த டொனால்ட் மக்கவ்ரன், 1955இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் எழுதியவற்றிலும், மக்கள் தம் சாதியையும் உறவையும் விட்டு நீங்காமல் கூட்டமாகவே கிறிஸ்தவராதல் வேண்டும், அவ்வாறே சபைகள் விரைந்து வளரும் என்று வாதிட்டார். கட்டளையில் உள்ள இனம் என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள், ஏறக்குறைய நம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பின் பொருளே. ஆனால் பயன் நேர்மாறானது. சாதிகள் கலத்தற்கு வழிகாட்டக்கூடியதாயிருந்த வாக்கியம், சாதிவாரியாகச் சபை கட்டுதற்கு ஆதாரமாயிற்று. தலித் இறையியலார் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். கண்டனம் முற்றிலும் பொருத்தமானதே என்பது எம் கருத்து. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு சாதி என்பதை நீக்கி ‘மக்களினத்தார்’ என்ற சொல்லை வைத்தது. மொழியியல் நோக்கில் திருத்தம் சரியானது. ஆனால் அச்சொல் போனதோடு ஆலய வாசலில் அது எழுப்பிய சங்கடமான கேள்வியும் போய்விடலாகாது.

அண்மைக் காலத்தில் இக்கட்டளை சட்டத்தின் வினாவாகவும் மாறியுள்ளது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. எனினும் பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் தீர்த்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொணரப்பட்டு, 2004இல் விலக்கப்பட்டது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ பரப்புதல் என்ற சொல்லையே கூறவில்லை. தான் விரும்பும் சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரை கூறுகிறது. வழிபாடு, அனுசரிப்பு, சாதனை, போதனை ஆகியவற்றால் அதனை வெளிப்படுத்தும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை கூறுகிறது. 2003இல் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில், சமயத்தைப் பரப்புதல் அரசியலமைப்பால் உறுதியளிக்கப்பட்ட உரிமையன்று என உயர் நீதிமன்றம் கூறிற்று. உதவியும் சமயப் பரப்பலும் சேருமிடத்து எளியோரின் தெரிவுச் சுதந்திரம் குன்றும் என்பதும் அதன் கவலை. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, இதனால் அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டதாகக் கருத்துரைத்தது. இதற்கிடையே 2004இல் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதன என உயர் நீதிமன்றம் கண்டது, அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. போதிக்கலாம், பரப்பலாகாது என்ற இவ்வேறுபாடு, மேலே நாம் நோக்கிய வாக்கியத்தின் இரு வினைகளையே நீதிமன்றத்திற் கொண்டுவந்து நிறுத்துகின்றது!

அவ்வாண்டின் இறுதியிலேயே கடல்கோள் வந்தது. வீடிழந்தவனிடம் கூரைத் தகட்டோடு வேதப் புத்தகத்தையும் நீட்டுவது முறையா? நிவாரணம் சமய நோக்குக்குப் பயன்படலாகாதென்பதை, 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தைக் கோவை முன்னரே வகுத்திருந்தது. இவ்வினாவில் நம் நிலையை மறைக்க வேண்டியதில்லை. பசித்தவனின் பசியைச் சீடத்துவத்துக்கு வாயிலாக்குவது, ஒல்லாந்தரின் தோம்பு வேறுருவில் மீள்வதேயாகும். ஆனால் இதனைக் காரணங்காட்டி, ஏழை தன் சமயத்தைத் தானே தெரிந்துகொள்ள வல்லவனல்லன் எனச் சட்டம் எழுதுவதும் ஏழையை இழிவுபடுத்துவதே. செல்வன் சமயம் மாறினால் அது சிந்தனை, ஏழை மாறினால் அது ஆசைகாட்டல் என்னும் எண்ணம் நமது முற்போக்காளர் சிலரிடமும் உண்டு. நூற்றாண்டுகளாகக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வேறொரு வாசலில் நுழையும்போது, அவனிடம் காரணம் கேட்பதற்குமுன் வாசலை அடைத்தவரிடம் கேட்கவேண்டியது உள்ளது.

கிறிஸ்தவருள்ளும் இவ்வுணர்வு நெடுங்காலமாக உண்டு. 1908இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழரும் மெதடிஸ்த திருச்சபையின் தலைவராக இருந்தவருமான டி. ரி. நைல்ஸ், நற்செய்தி கூறுதலை, சோறு கிடைக்கும் இடத்தை ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்குச் சொல்வதற்கு ஒப்பிட்டார். உலகெங்கும் எடுத்தாளப்படும் இவ்வுவமையின் கூர்மை, சொல்பவனிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதில் உள்ளது. அவனிடம் சோறில்லை, இடம் மட்டுமே தெரியும். பாணரையும் புலவரையும் வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை மரபை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. அமெரிக்க இயேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் கிழக்கின் இளைஞர்க்குக் கூடைப்பந்தும் தொழிற்கல்வியும் கற்பித்து நாற்பதாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர். போர்க்காலத்தில் அவர் சமயம் பாராது மக்களுக்காகப் பேசினார். 1990 ஆகஸ்ட் 15இல் மட்டக்களப்புக்குச் செல்லும் வழியில் காணாமற் போனார். அவரை நினைவுகூரும் அவரது மாணாக்கர் பலர் கிறிஸ்தவரல்லர். உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக இவாஞ்சலிக்கக் கூட்டமைப்பும் 2011இல் இணைந்து வெளியிட்ட ஆவணம், வஞ்சனையும் வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் நற்செய்திக்கு முரண் என ஒப்புக்கொண்டது. அது கிராமத்துச் செபக் கூடங்கள் வரை எட்டியுள்ளதா என்பது தனியே ஆராயத்தக்கது.

அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய மூலங்கள் அழியுமுன் திரட்டப்படல் வேண்டும். மறைமாவட்டத்தின் திருமுழுக்குப் பதிவேடுகளிலும், மெதடிஸ்த சபையின் வட்டார அறிக்கைகளிலும், எஞ்சியுள்ள பாடசாலை இடாப்புகளிலும் உபதேசியாரின் பெயர்களும் சீடரானோரின் ஊரும் தொழிலும் தேடற்குரியன. சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களின் முதியோர், இரு சமயத்தாரும், யார் எப்போது எதற்காக மாறினர், யார் மாற மறுத்தனர், மாறியோர் வீட்டில் மற்றையோர் உண்டனரா என்பனவற்றை நினைவிலிருந்து கூறவல்லர். இடப்பெயர்வாலும் கடல்கோளாலும் சிதறிய இக்கரையில் அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு இவ்வூர்களுக்குச் செல்வாராயின், முதலிற் கேட்கவேண்டியது பந்தியைப் பற்றிய கேள்வியே.